ஆற்றிலிருந்து பார்த்த ஊர்

ஆர்டித் போக் இருபத்தாறு வருஷம் நாட்செஸ் நகரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு தடவைகூட அங்கே கால் வைத்ததில்லை.

மிசிசிப்பி ஆற்றில் சரக்கு மிதவைகளைத் தள்ளிக்கொண்டு போகும் படகு ஒன்றில் அவள் சமையல்காரி. விடியும் முன்பே எழுந்து பத்து ஆண்களுக்கு மூன்று வேளையும் ஆக்கிப் போட வேண்டும். இருபத்தெட்டு நாள் படகில், பதினாலு நாள் கென்டக்கியில் வீட்டில். நாட்செஸில் படகு நிற்காது. ஆளேற்றுவதும் இறக்குவதும் வேறு ஊர்களில். அதனால் அவளுக்குத் தெரிந்த நாட்செஸ், சமையலறைச் சன்னலில் கால் மணி நேரம் நகர்ந்து போகும் ஒரு மண்மேடு. செங்குத்தாக எழும்பி நிற்கும். உச்சியில் மரங்கள், தேவாலயக் கோபுரம், கம்பி வேலியோரம் நின்று படகுகளுக்குக் கையாட்டும் ஜனங்கள். ஆர்டித் கையிலிருக்கும் துண்டை வீசிக் காட்டுவாள். அவ்வளவு கீழே, அவ்வளவு சின்னச் சன்னலில், அது யார் கண்ணுக்குப் பட்டிருக்கும்?

போன வருஷம் வேலையை விட்டாள். இந்த வசந்தத்தில் இரண்டு முட்டிகளையும் மாற்றிப் புதிது வைத்தார்கள். அக்டோபரில் தங்கை நதீன், தங்கை புருஷன் குளோவிஸ் இருவரையும் கிளப்பிக்கொண்டு காரில் வந்து இறங்கினாள். இறங்கியது மேட்டின் மேலே அல்ல. "முதல்ல கீழ விடு. ஆத்தங்கரைக்கு" என்று அடம்பிடித்தாள்.

கரையில் நின்று மூவரும் அண்ணாந்து பார்த்தார்கள். படகுத்துறையிலிருந்து மேட்டின் உச்சிக்கு சில்வர் தெரு ஒரே ஏற்றமாக ஏறிப் போனது.

"இது தெருவா? சுவரைச் சாய்ச்சுல்ல வச்சிருக்கானுங்க" என்றார் குளோவிஸ்.

"நான் நடந்து ஏறப் போறேன்" என்றாள் ஆர்டித்.

நதீன் கையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்குப் புத்தி இருக்கா? டாக்டர் என்ன சொன்னாரு? சமதரையில நடன்னு சொன்னாரு."

"ஆடுற படகுல இருபத்தாறு வருஷம் நின்னவளுக்கு எல்லாமே சமதரைதான்டி."

"பாதி வழியில உக்காந்துட்டேன்னா தூக்கிட்டு வர என்னால ஆகாது, இப்பவே சொல்லிட்டேன்" என்றார் குளோவிஸ். "நாங்க கார்ல போய் மேல நிக்கிறோம். நீ வந்து சேரும்போது எங்களுக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும்."

"போய் நில்லு. நிழலாப் பாத்து நில்லு."

கார் புறப்பட்டுப் போனது. ஆர்டித் காலணி நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் அந்தக் கூட்டத்தைக் கவனித்தாள்.

துறையில் ஒரு சுற்றுலாப் படகு நின்றிருந்தது. அதிலிருந்து இறங்கிய பதினேழு பதினெட்டுப் பேர் ஓரமாகக் கூடி நின்றார்கள். எல்லாருக்கும் எழுபதைத் தாண்டிய வயசு. கையில் தடிகள், கழுத்தில் கேமராக்கள். நடுவில் ஊர் சுற்றிக் காட்டும் கோரா பிரூயிட் என்ற கறுப்பினப் பெண், ஐம்பது வயசு இருக்கும், போனைக் காதில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"மன்னிக்கணும், பஸ் வராது" என்று போனை வைத்தாள். "மேல திருவிழாக் கூட்டம். தெருவெல்லாம் அடைப்பு. எந்த வண்டியும் நகரல. நாலு மணிக்கு உங்க படகு கிளம்பிடும். என்னால ஒண்ணும் பண்ண முடியல."

லீலண்ட் ஸ்ட்ரௌட் என்ற கிழவர் தடியைத் தரையில் தட்டினார். நெட்டையான உடம்பு, எண்பத்தெட்டு வயசு. "நெப்ராஸ்காவுல இருந்து வரேன், மேடம். அங்கேயும் சேறு இருக்கு. இந்தச் சேத்தைப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?"

சிலர் அலுத்துக்கொண்டே படகுக்குத் திரும்பினார்கள். பன்னிரண்டு பேர் மிஞ்சினார்கள். ஆர்டித்துக்குப் பொறுக்கவில்லை. இருபத்தாறு வருஷம் கீழே நின்று அண்ணாந்து பார்த்தவளுக்கு, இவ்வளவு தூரம் வந்துவிட்டு அண்ணாந்து மட்டும் பார்த்துத் திரும்புவது என்றால் என்ன என்று தெரியும்.

"நடக்கலாமே" என்றாள் உரக்க.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதென்ன, கால் மைல். மணி ஒண்ணேகால்தான் ஆகுது. இருபது அடிக்கு ஒரு தடவை வேணும்னாலும் நில்லுங்க. நான் முன்னாடி போறேன். யாரையும் விட்டுட்டுப் போக மாட்டேன்."

"நீங்க யாரு?" என்று கேட்டாள் கோரா.

"படகுச் சமையல்காரி. பத்துத் தடியனுங்களை வரிசையில நிக்க வச்சுச் சோறு போட்டவ. இவங்க பன்னிரண்டு பேரு எனக்கு ஒரு பெரிசா?"

கோரா அவளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "அப்ப நான் பின்னாடி வரேன். கடைசி ஆள் என் பொறுப்பு."

பன்னிரண்டு பேரும் கிளம்பினார்கள். முதல் ஐம்பது அடியில் பேச்சுச் சத்தம் இருந்தது. அடுத்த ஐம்பதில் மூச்சுச் சத்தம்தான். ஆர்டித் கையை உயர்த்தினாள். "நில்லுங்க. திரும்பி ஆத்தைப் பாருங்க."

பாலங்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஆற்றைத் தாண்டி நின்றன.

"அந்தத் தூணுங்க தெரியுதா? அதுக்கு நடுவுல முப்பது மிதவையைக் கட்டித் தள்ளிட்டுப் போகணும். தண்ணி ஏறியிருக்கும்போது ஆறு ஒரு பக்கமா இழுக்கும். அந்த நேரத்துல படகுல ஒருத்தன் மூச்சு விட மாட்டான். நான் முட்டை உடைக்கிறதைக்கூட நிறுத்திடுவேன். தாண்டின பிறகுதான் உடைப்பேன்."

"ஒரு தடவையாவது இடிச்சிருக்கா?" என்றார் லீலண்ட்.

"இடிச்சிருந்தா இங்க நின்னு உங்ககிட்ட வாயடிச்சிட்டு இருப்பேனா?"

சிரித்தபடி மறுபடி ஏறினார்கள். அடுத்த நிறுத்தத்தில் கோரா பேசினாள். கீழே கரையோரம் முன்னே இன்னும் சில தெருக்கள் இருந்ததாம், சூதாட்டக் கடைகளும் சாராயக் கடைகளுமாக. ஆறு கரையைத் தின்று தின்று அவற்றை எடுத்துக்கொண்டு போய்விட்டதாம். சொல்லிவிட்டு அவள் மேட்டை அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னொண்ணும் சொல்லணும். எங்க வம்சத்துல முதல்ல இந்த ஊருக்கு வந்தவ, படகுல கொண்டுவந்து இறக்கப்பட்டவ. கையில சங்கிலியோட இந்த மேட்டை ஏறினா. மேல சந்தையில அவளை வித்தாங்க. இன்னிக்கு இந்த ஊருக்கு வர்றவங்க, ஊரைப் பத்தி எங்கிட்டதான் கேட்டுத் தெரிஞ்சுக்கிறாங்க. பஸ்ல போறப்ப இதை நான் ஒரே வரியில சொல்லிட்டுப் போயிடுவேன். நடந்து வர்றப்பதான் முழுசாச் சொல்ல முடியுது."

ஒரு கிழவி கோராவின் கையைத் தொட்டாள். பிறகு ஏறினார்கள், கொஞ்சம் நிதானமாக, தரையைப் பார்த்து.

முக்கால்வாசி ஏறியபோது ஆர்டித்தின் இடது முட்டி முறுக்கிக்கொண்டது. ஆணி அடித்த மாதிரி ஒரு குத்தல். அவள் தெருவோரக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலணியில் ஏதோ கல் மாட்டிக்கொண்டது போலக் குனிந்தாள். நெற்றியில் வேர்வை அரும்பியது. இப்போது நான் உட்கார்ந்தால் பன்னிரண்டு பேரும் உட்கார்ந்துவிடுவார்கள், அதோடு கதை முடிந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. குளோவிஸின் முகம் கண்முன் வந்து போனது. பல்லைக் கடித்து ஒரு எட்டு வைத்தாள். அடுத்த எட்டு வரவில்லை.

லீலண்ட் பக்கத்தில் வந்து நின்றார். "கல்லு இல்லை" என்றார் மெதுவாக.

"இல்லை."

"எந்தக் காலு?"

"ரெண்டுமே புதுசு. அஞ்சு மாசம்தான் ஆச்சு. இப்ப மக்கர் பண்றது இடது."

லீலண்ட் திரும்பி உரக்கச் சொன்னார்: "கேட்டீங்களா? நம்மளை இழுத்துட்டு வர்ற எஞ்சினுக்கே முட்டி புதுசாம்!"

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "எனக்கு இடுப்பு புதுசு!" இன்னொன்று: "எனக்கு ரெண்டு கண்ணும்!" "என் நெஞ்சுல பேட்டரி ஓடுது!" சிரிப்பு கிளம்பி வரிசை முழுக்கப் பரவியது. யாரோ, "நம்ம உடம்புல இருக்கிற இரும்பை உருக்கினா ஒரு மிதவை கட்டலாம்" என்றார்கள். ஆர்டித்துக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பு. சிரித்துக்கொண்டே காலை நீட்டி மடக்கினாள். உள்ளே ஏதோ நழுவி இடத்தில் உட்கார்ந்தது.

லீலண்ட் முழங்கையை நீட்டினார். "இவ்வளவு நேரம் நீங்க இழுத்தீங்க. இப்பக் கொஞ்ச தூரம் நான் இழுக்கிறேன். நாலு கால்ல ரெண்டாவது ஒழுங்கா வேலை செய்யுமில்ல?"

கைகோத்துக்கொண்டு ஏறினார்கள். வைக்கும் ஒவ்வொரு எட்டையும் எண்ணிக்கொண்டே ஏறினார்கள். பின்னாலிருந்தவர்களும் எண்ணத் தொடங்கினார்கள். நூற்றைத் தாண்டி எண்ணிக்கை குழம்பியபோது தரை சட்டென்று சமமானது. புல்வெளி. மரங்கள். கம்பி வேலி. அதற்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை, வானம் மட்டும்.

ஆர்டித் வேலியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். ஆறு ஒரு வளைவில் புகுந்து மறு வளைவில் மறையும் வரை முழுசாகத் தெரிந்தது. அவள் ஒருபோதும் அதை முழுசாகப் பார்த்ததில்லை. சன்னல் அளவு ஆறுதான் அவளுக்குத் தெரிந்த ஆறு. இத்தனை பெரியதின் மேலேயா நான் இத்தனை வருஷம் ரொட்டி சுட்டேன் என்று நினைத்தாள்.

"ஏறிட்டேன்!" என்று கத்தினாள். யாரைப் பார்த்தும் இல்லை, ஆற்றைப் பார்த்து. "ஏய்! ஏறிட்டேன்!"

பன்னிரண்டு பேரும் தடியைத் தூக்கிக் கூச்சலிட்டார்கள். திருவிழாவுக்கு வந்த கூட்டம் என்னவோ ஏதோவென்று திரும்பிப் பார்த்து, விஷயம் கேட்டு, கைதட்டியது. ஒரு கடைக்காரர் சோளமாவில் கறி வைத்து அவித்த தமாலேக்களை இரண்டு தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்தார். ஆர்டித் ஒன்றைக் கடித்து, "உப்பு ஒரு சிட்டிகை குறைச்சல். ஆனா வேக்காடு சரி" என்றாள். அவர் பணிவாகத் தலையாட்டிக்கொண்டார்.

அவர்கள் அந்தப் பெரிய தேவாலயத்துக்குள் போனார்கள். வண்ணக் கண்ணாடி வழியாக வெயில் இறங்கி எல்லாருடைய வெள்ளை முடியிலும் நீலமும் சிவப்புமாக விழுந்தது. வெள்ளைத் தூண் வைத்த ஒரு பழைய வீட்டைக் கோரா காட்டினாள். சாப்பாட்டு அறையோடு நிறுத்தாமல் பின்கட்டுக்குக் கூட்டிப்போய்ச் சமையல் கட்டையும் காட்டினாள். அந்தக் கரி படிந்த அடுப்பின் முன்னால் ஆர்டித் வெகுநேரம் நின்றாள். மூன்றரைக்குக் கோரா எல்லாரையும் இறக்கத்தில் கூட்டிக்கொண்டு போனாள். லீலண்ட் கடைசியாகத் திரும்பித் தொப்பியைக் கழற்றி ஆட்டினார்.

மூன்றே முக்காலுக்குக் குளோவிஸும் நதீனும் வந்து சேர்ந்தார்கள், நடந்து, வேர்த்து விறுவிறுத்து. நெரிசலில் காரை எங்கோ ஓரங்கட்டிவிட்டு வந்திருந்தார்கள். பெஞ்சில் சாய்ந்து எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டிருந்த ஆர்டித்தைப் பார்த்துக் குளோவிஸ் வாய் பிளந்தார்.

"நீ எப்ப வந்தே?"

"சாப்பாட்டு நேரம் தாண்டிப் போச்சு, குளோவிஸ். உக்காரு, மூச்சு வாங்குது பாரு உனக்கு."

நதீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு அக்காவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்சம் அழுதாள்.

மறுநாள் விடுதியில் காலை உணவு முடிந்ததும் ஆர்டித் காலணியை எடுத்து மாட்டினாள். முட்டி வீங்கித்தான் இருந்தது.

"எங்க கிளம்பிட்ட?" என்றாள் நதீன்.

"கீழ கொண்டுபோய் விடச் சொல்லு. மறுபடி ஏறணும்."

"நேத்துதானே ஏறினே?"

"நேத்து பன்னிரண்டு பேரைக் கட்டித் தள்ளிட்டு ஏறினேன். அது வேலை" என்றாள் ஆர்டித். "இன்னிக்கு சும்மா ஏறப் போறேன்."

நதீன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய், தன்னுடைய காலணியைத் தேட ஆரம்பித்தாள்.