தனக்கொடி பாடிய எட்டுப் பாட்டு

என் தங்கை புருஷன் இராமதாஸ் மேல் எனக்கு இன்றும் கோபம்தான். அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுததைப் பார்த்தவள் நான், கூடவே அழுதவள். அதற்காகக் கோபம் போய்விடுமா என்ன?

அவன் கித்தார் வாசிப்பவன். புதுச்சேரியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து மெட்ராஸ் போவான். ஒலிப்பதிவுக் கூடத்தில் யார் யாருடைய பாட்டுக்கோ வாசித்துவிட்டுத் திரும்புவான். பன்னிரண்டு வருஷம் இதே பிழைப்பு. ரேடியோவில் பாட்டு வந்தால், "இந்த எடத்துல வர்றது நான்தான்" என்பான். நாங்கள் காதைத் தீட்டிக்கொள்வதற்குள் அந்த இடம் போய்விடும்.

எண்பத்திரண்டில் அவன் சொந்தமாக ஒரு இசைத்தட்டு போடக் கிளம்பினான். எட்டுப் பாட்டு. ராக் என்றான். மில்லில் நூல் சுற்றுகிற எனக்கு அது என்ன தெரியும்? ஒரு பாட்டில் வைத்திக்குப்பத்தில் படகு தள்ளும்போது போடுகிற சத்தம் வரும், அதன் மேல் கித்தார் இடிக்கும். ஒன்றில் உடுக்கை. இன்னொன்று, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர்களான சொல்தாக்கள் வீட்டுக் கல்யாணத்தில் ஜோடி ஜோடியாக ஆடுவார்களே, அந்த நடை. "பந்தியில மிஞ்சினத எல்லாம் ஒண்ணா கொட்டுன மாதிரி இருக்கு" என்று கிண்டல் செய்தேன். என் தங்கை தனக்கொடி ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அவன் போடுகிற மெட்டெல்லாம் முதலில் அவள் வாய்க்குத்தான் வரும். காய் நறுக்கும்போதும் மகள் கமலவேணிக்குச் சோறு ஊட்டும்போதும் பாடிக்கொண்டே இருப்பாள். கொஞ்சம் கரகரத்த குரல். கேட்டால் எழுந்து போக மனசு வராது.

ஒலிப்பதிவில் ஒரு வழக்கம் உண்டாம். வாத்தியக்காரர்களுக்கு வழி தெரிவதற்காக யாராவது ஒருத்தர் முதலில் பாடி வைப்பார். அதை ட்ராக் என்பார்கள். பிறகு பேர் பெற்ற பாடகி வந்து, அதைக் கேட்டுக் கற்றுக்கொண்டு பாடுவாள். அது சரியாக விழுந்ததும் பழைய குரலை அழித்துவிடுவார்கள். ட்ராக் பாடினவர்கள் யாரும் அதற்கு வருத்தப்படுவதில்லை.

தனக்கொடி ட்ராக் பாடப் போனாள். ரெண்டே நாளில் முடித்துவிட்டு வந்து என் வாசலில் நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"எட்டும் பாடிட்டேன்க்கா! காதுல என்னமோ மாட்டி உட்டாங்க. என் கொரலு எனக்கே யாரோ மாதிரி கேட்டுது."

"அப்ப நீயே பாட வேண்டியதுதான? இன்னொருத்தி எதுக்கு?"

"தட்டு விக்க வேணாமாக்கா?"

மூன்றாம் வாரம் அவளுக்கு மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அந்த வாரம்தான் பாடகி தேதி கொடுத்திருந்தாள். இராமதாஸ் கட்டில் பக்கத்திலேயே நின்றான். "போய்ட்டு வாங்க. அந்தம்மா தேதி இன்னொரு வாட்டி கெடைக்காது" என்று அவள்தான் விரட்டினாள்.

போனான். பாடகி எட்டையும் பாடி முடித்தாள். பதிவு செய்கிறவர், "பழைய வாய்ஸ் வேணுமா சார்?" என்று கேட்டிருக்கிறார். இவன் கித்தாரை உறையில் போட்டுக்கொண்டே, "ட்ராக்தானே, அழிச்சிடுங்க" என்று சொல்லியிருக்கிறான். பன்னிரண்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டுப் பழகின வார்த்தை, யோசிக்காமல் வந்துவிட்டது.

நாலாம் நாள் தனக்கொடி செத்துப்போனாள்.

கருமாதி முடிந்த மத்தியானம்தான் என்னிடம் சொன்னான். "என் வாயாலதான் சொன்னேன்க்கா. அழிச்சிடுன்னு என் வாயாலதான்." நான் கையிலிருந்த செம்பை அவன் மேல் வீசினேன். நெற்றியில் பட்டது. அவன் துடைக்கக்கூட இல்லை. எங்கள் வீட்டில் டேப்ரெக்கார்டர் கிடையாது. அவள் குரல் இருந்த ஒரே இடம் அந்த நாடாதான்.

மறுபடியும் மெட்ராஸ் போனான். வாத்தியங்களுக்கு வைத்த மைக்குகளில் எங்காவது அவள் குரலும் ஒட்டியிருக்குமா என்று ஒரு நாள் முழுக்க நாடாவைப் போட்டுக் கேட்டானாம். அவள் இருமல்கூட இல்லை என்று வந்து சொன்னான்.

ஆறு மாதத்தில் இசைத்தட்டு வந்தது. தெருக்கோடி சொல்தா வீட்டிலிருந்து பாட்டுப் பெட்டியை இரவல் வாங்கி வந்து போட்டான். நானும் இருந்தேன். முதல் பாட்டு, தனக்கொடி சோறு ஊட்டும்போது பாடினது. பாடகியைக் குறை சொல்ல மாட்டேன். தனக்கொடி இழுக்கிற இடத்தில் இழுத்து, குழைகிற இடத்தில் குழைந்து, நன்றாகத்தான் பாடியிருந்தாள்.

சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்த கமலவேணி எழுந்து வந்தாள். நாலரை வயசு.

"பெரிம்மா, அம்மாவா பாடுது?"

இராமதாஸ் தலையைக் குனிந்துகொண்டான். யாருக்கும் பயந்து பொய் பேசாதவள் என்று மில்லில் எனக்குப் பேர்.

"ஆமாண்டி கண்ணு. ஒங்கம்மாதான்" என்றேன்.

அவள் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பிப்பதற்குள், அட்டையிலிருந்த பாடகியின் பெயரைப் பிளேடால் சுரண்டிவிட்டேன். இராமதாஸ் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். தடுக்கவில்லை.

கமலவேணிக்கு இப்போது பத்து வயசு. எட்டுப் பாட்டும் தலைகீழ்ப் பாடம். அந்தப் பாடகி மூச்சு வாங்குகிற இடத்தில் இவளும் மூச்சு வாங்குகிறாள். பாடி முடித்துவிட்டு, "அம்மா மாதிரியே இருக்கா பெரிம்மா?" என்று கேட்கிறாள்.

"அப்படியே இருக்குடி" என்கிறேன். தனக்கொடி எப்படிப் பாடினாள் என்று நினைத்துப் பார்த்தால், எனக்கும் இப்போது அந்தப் பாடகியின் குரல்தான் கேட்கிறது.