மாடியில் வாசல் வைத்த வீடு

நகராட்சிக்குக் கொடுத்த கோப்பில் நூகு தவறான வரைபடத்தை வைத்துவிட்டதால், காரைக்காலில் ஒரு வியாழக்கிழமை, எழுநூற்றெண்பது வருடப் பழைய அயர்லாந்து வீடொன்று கட்டி முடிந்தது. அனுமதி முத்திரை விழுந்தபோது மணி பதினொன்று. மதியம் லுஹர் தொழுகைக்கு பாங்கு சொல்லும்போது கொல்லை மனையில் வீடு நின்றது, சுவரில் பாசியோடு.

இந்த ஊர் வழக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் அங்கே குடிபோவார். மனை வரைபடம் போட்டுக் கொடுக்கும் நூகுவும் மெஹர் பானுவின் வீட்டுக்கு அப்படி வந்தவர்தான். இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகும் சுவரில் ஆணி அடிக்க மனைவியிடம் அனுமதி கேட்பார். மகள் ஆஃப்ரினுக்குக் கல்யாணம் முடிவானதும் அவளுக்கொரு வீடு வரைந்தார். அதே மேசையில் காஜா நஜ்முதீன் அனுப்பிய படமும் கிடந்தது. நஜ்முதீன் பானுவின் தாய்மாமன் மகன், அயர்லாந்தில் நர்ஸ். லீவு நாளில் பாழடைந்த கட்டடங்களை அளந்து படம் போடுவார். ஒருகாலத்தில் பானுவுக்குப் பேசிய மாப்பிள்ளை. அந்தப் படத்தைப் பார்த்து பானு, “என்னா நேர்த்தி!” என்று சொல்லிவிட்டாள். நூகு போட்ட எந்தக் கோட்டுக்கும் கிடைக்காத சொல். குற்றம் கண்டுபிடிக்க மூன்று நாள் ஸ்கேலும் கையுமாக உட்கார்ந்தார். குற்றம் அகப்படவில்லை, படம்தான் மாறிப்போயிற்று.

சுவர் ஆறடிக் கனம். அடிப்பக்கம் பாவாடை விரித்தாற்போல் சரிந்து இறங்கியது. கீழ்த்தளம் தானியம் அடுக்குவதற்கு. அங்கே ஜன்னல் என்ற பெயரில் கை நுழையுமளவு கீறல்கள். வாசல் முதல் மாடியில். வெளியே மரப்படி, எதிரி வந்தால் பிடுங்கிப் போட்டுவிடலாம். மேலே ஒரே கூடம்: விருந்து, வழக்கு, உறக்கம் எல்லாம் அதில்தான். உயரமான கோபுர வீடுகள் நாகரிகமானபின் இதைக் கைவிட்டார்களாம். அந்தக் காலத்தில் அதைக் கட்டிய நார்மன் பிரபு பிரெஞ்சு பேசியவன் என்று தெரிந்ததும், பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கும் சொல்தா குடும்பங்கள் உறவுக்காரன் வந்ததுபோல் பார்த்துவிட்டுப் போயின. அளக்க வந்த நகராட்சி ஊழியர், வரைபடத்தில் உள்ளபடி அங்குலம் பிசகாமல் இருப்பதாக எழுதிக்கொண்டார். மீன் விற்கும் மாரியம்மாள் மட்டும் கீழே நின்று கத்தினாள்: “என்னா நூகு பாய், வாசலத் தூக்கி மாடியில வச்சிட்டீங்க? மீன வீசிப் போடவா?”

நஜ்முதீன் போனில் சொன்னார்: “மச்சான், அது நின்ன எடத்துல இப்ப ஆடு மேயுது. பத்திரமாப் பாத்துக்குங்க.”

ஆஃப்ரின் மரப்படியேறிக் குடிபோனாள். ஒரு வருடத்தில் கணவனோடு ஷார்ஜா போனாள். வீடு பானுவின் பொறுப்புக்கு வந்தது. ஜூனில் ஊர் இருட்டிய பிறகும் அந்தக் கூடத்தில் அயர்லாந்துக் கணக்குப்படி பத்து மணிவரை வெயில் அடித்தது. தெருப்பெண்கள் அங்கே வந்து துணி தைத்தார்கள். டிசம்பரில் நாலரைக்கே இருட்டியது. அசர் தொழுகை முடிந்ததும் பானு கூடத்து வடக்கு ஜன்னலில் உட்கார்ந்து நஜ்முதீனிடம் போனில் வீட்டின் சௌக்கியம் சொல்வாள். அவ்வளவு கனச் சுவருக்குள் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் அதுதான் என்பாள். உண்மைதான். உண்மையால் நூகுவின் பொறாமைக்கு எந்த இடைஞ்சலும் ஏற்படவில்லை. கீழே இருட்டில் நின்று, டார்ச் அடித்து, விரிசல் தேடினார். கட்டடத்தைச் சக்களத்தனாக நினைத்த முதல் ஆள் தானாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சிரித்துக்கொள்வார். “இங்க வந்தா ஒனக்கு நேரம் போறதே தெரியல போல” என்று மூன்று வருடம் சுற்றி வளைத்தார். “காத்து நல்லா வருதுங்க” என்பாள் பானு.

போன டிசம்பரில், வெளியே வெயில் இருக்கும்போதே கூடம் இருட்டிவிட, பானு லைட்டைப் போட்டாள். நூகு படியேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டுவிட்டார்: “பானு, நஜ்முதீனையே கட்டியிருக்கலாமுன்னு ஒனக்குத் தோணியிருக்கா?”

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

“தோணியிருக்குங்க. மொத வருசம் பூரா தோணுச்சு. அழுதுகூட இருக்கேன். அப்பறம் ஆஃப்ரின் வயித்துல இருந்தப்ப வாந்தியா எடுத்தேன், ஒருத்தரும் கிட்ட வரல. நீங்கதான் சட்டியப் புடிச்சிக்கிட்டு நின்னு ஜோக்கா சொன்னீங்க. ஒண்ணுகூட நல்லால்ல. அன்னையிலேருந்து ஒருநாளும் தோணல.”