வாரிசு: தம்பி மட்டும்

சொட்டுநீர்க் குழாய் மானியத்துக்காகப் பட்டா நகல் எடுக்கப் போன இடத்தில்தான் மணிமேகலைக்கு விஷயம் தெரிந்தது. இ-சேவை மையத்துப் பெண் திரையைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "உங்கூட்டுக்காரர் பேரும் இல்ல, உங்க பேரும் இல்லீங்கக்கா. காளியப்பன்னு வருது" என்றாள்.

காளியப்பன் அவளுடைய கொழுந்தன். இறந்துபோன அண்ணன் முனிராஜுக்கு மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று எழுதிக்கொடுத்து வாரிசுச் சான்று வாங்கி, மாந்தோப்பைத் தன் பெயருக்கு மாற்றியிருந்தான்.

மனு கொடுத்தாள். முனிராஜின் மனைவி என்பதற்குச் சான்று கேட்டார்கள். கல்யாணத்தைப் பதிந்திருக்கவில்லை. ஆதாரில் அப்பா பெயர்தான் இருந்தது. ரேஷன் கார்டில் கணவர் பெயரை, அவர் இறந்ததும் அவளே போய் நீக்கிவிட்டு வந்திருந்தாள். ஊரிலிருந்து சாட்சி அழைத்துவரச் சொன்னார்கள். வாசல் வாசலாக ஏறி இறங்கினாள். அக்கம்பக்கத்துத் தக்காளித் தோட்டத்துக்கெல்லாம் காளியப்பனின் போர்வெல் தண்ணீர்தான் பாய்ந்தது. "உங்க குடும்ப விசயத்துல நாங்க எதுக்குங்க" என்று மோர் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டாள். அவர் போனபிறகு அந்த வீட்டில் பேசுவது அது ஒன்றுதான். அந்த மனிதரோடு வாழ்ந்தோம் என்பதை இனி தானே தனக்குச் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான் போலிருந்தது.

விசாரணையன்று துணை தாசில்தார் ஆஃப்ரின் கேட்டாள்: "சாட்சி எங்கம்மா?"

"யாரும் வரலீங்க மேடம்."

ஆஃப்ரின் எதிரே உட்கார்ந்திருந்த காளியப்பனிடம் திரும்பினாள். "இவங்க யாரு? மொகத்தப் பாத்துச் சொல்லுங்க."

அவன் நிமிர்ந்தான். தெரியாது என்று சொல்லப்போகிறான் என்று மணிமேகலை புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி…" என்றான். "எங்கண்ணன் சம்சாரங்க. பொறந்த வூட்டுக்கே போயிருவாங்கன்னு நெனச்சிட்டேன்."

"பொய்யா எழுதிக் குடுத்ததுக்கு நடவடிக்கை உண்டு. பட்டா அவங்க பேருக்கு மாறும்" என்று சொல்லி, அவன் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கினாள் ஆஃப்ரின்.

ஜெயித்துவிட்டோம் என்று மணிமேகலைக்குத் தோன்றவில்லை. சாவு வீட்டுக்குப் பிறகு அவளை யாரும் அண்ணி என்று கூப்பிட்டதில்லை. காதில் அதுதான் நின்றது.

இருவருக்கும் ஒரே ஊர், ஒரே பஸ். நிறுத்தத்தின் இந்தக் கோடியில் அவளும் அந்தக் கோடியில் புளியமரத்தடியில் அவனும் நின்றார்கள். பஸ் வந்ததும் அவள் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் பையை வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"காளியப்பா, வரலியா?"

பஸ் நகர்ந்தது. அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, புளியமர நிழலைவிட்டு வெளியே வந்து, வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.