வெள்ளைச் சீட்டு, ஊதாச் சீட்டு

எங்கள் மாதா கோயில் அலுவலகத்தில், பூசையில் யாருக்காக வேண்ட வேண்டும் என்ற கருத்துகளை எழுதி வைப்பது என் வேலை. உயிரோடு இருப்பவர்களின் நலனுக்கு வெள்ளைச் சீட்டு. இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்கு ஊதாச் சீட்டு. மந்தைவெளி லூயிசா அக்கா ஆறு வருடங்களாக மகன் மேத்யூவின் பிறந்தநாளுக்கு வெள்ளைச் சீட்டுதான் கொடுக்கிறார்.

மேத்யூ ராணுவத்தில் ஹவில்தார். ஆறு வருடங்களுக்கு முன் அவன் பயணம் செய்த சரக்கு விமானம் வடகிழக்கு மலையொன்றில் மோதி விழுந்தது. கொடி போர்த்திய பெட்டி வந்தது. திறக்க வேண்டாம் என்று உடன் வந்த அதிகாரி சொல்லிவிட்டார்.

இந்த வருடம் அந்தப் பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றே மேத்யூவின் மனைவி சான்ட்ராவின் மறுமணத்தைப் பூசையில் அறிவிக்கும் முதல் கல்யாண ஓலையும் வாசிக்க வேண்டும். மாப்பிள்ளை, அடையாற்றில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் பெனடிக்ட். தேடிப் பிடித்தவர் லூயிசா அக்காவேதான்.

ஓலையில் ‘மறைந்த மேத்யூவின் மனைவி’ என்று எழுதியாக வேண்டும். வெள்ளிக்கிழமை அக்காவை அழைத்து, அவர் கொடுத்திருந்த வெள்ளைச் சீட்டையும் ஓலையையும் காட்டினேன்.

“இன்னா காஸ்பரு, பரிச்சைல ஃபெயிலான மாதிரி மூஞ்சிய வச்சிக்கினு கீற?”

“அக்கா, இதுல மேத்யூ உயிரோட இருக்கான். இதுல இல்ல. எதை வாசிக்கச் சொல்றது?”

அக்கா இரண்டையும் படித்தார். “ஓலைல அவன் பேர வுட்டுடு.”

“வுட்டா சாமியார் ஒத்துக்க மாட்டார்.”

“மூடின பொட்டியப் பாத்து நான் எப்டிப்பா நம்புறது?”

“நம்பாமத்தான் மாப்பிள்ளை பாத்தீங்களா?”

சொன்ன பிறகே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா கோபப்படவில்லை.

“முப்பத்திரண்டு வயசுப் பொண்ணு, எங்கூட உக்காந்து சீரியல் பாத்துக்கினு கீது. மனசு கேக்கல, தேடினேன். அவன் இல்லன்னு நெனச்சா தேடினேன்?”

“அப்ப கல்யாணத்தை நிறுத்திடலாமா?”

“வாயக் கழுவு!”

ஓலையை இன்னொரு முறை படித்தார். கடைசியில் வெள்ளைச் சீட்டை மடித்துத் தன் பர்ஸில் வைத்தார்.

“ஊதா ஒண்ணு குடு. நீ எழுதாத. பேரு வச்சவ நானு, நானே எழுதறேன்.”

மூன்றே எழுத்துதான். அவர் எழுதி முடிக்கும்வரை நான் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் வாசித்தார்கள். முன்வரிசையில் சான்ட்ரா அழுதாள். “மை கரையுது பாரு. மாப்ள பயந்துக்கப் போறான்” என்று அக்கா கைக்குட்டையை நீட்டினார். அவர் கன்னமும் ஈரமாகத்தான் இருந்தது.

பூசை முடிந்து வாசலில் நின்றபோது, கேட்காமலேயே பெனடிக்டிடம் சொல்லத் தொடங்கினார்.

“இவளப் பொண்ணு பாக்கப் போறப்ப மேத்யூ இன்னா பண்ணான் தெரியுமா? யூனிஃபார்ம் விறைப்பா கீது, தொப்பி கீது. கால்ல பாத்தா என் ரப்பர் செருப்பு!”

“பச்சை வாரு, அத்தை. குதிகால் பாதி வெளியில நின்னுச்சு” என்றாள் சான்ட்ரா, சிரித்துக்கொண்டே.

இந்த ஆறு வருடங்களில் அந்த வீட்டில் யாரும் மேத்யூவின் கதை ஒன்றைக்கூடச் சொல்லி நான் கேட்டதில்லை.

“அப்புறம்?” என்றார் பெனடிக்ட்.

அக்கா படியில் வசதியாக உட்கார்ந்துகொண்டார்.