வெடிப் பை

"வெடி எம்புட்டு வாங்கியிருக்கீங்க தம்பி?"

சொர்ணம் கேட்டதும் ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களின் ஒப்பாரி சட்டென்று நின்றது.

கொழுந்தன் வசந்தகுமார் பாலித்தீன் பையைத் தூக்கிக் காட்டினான். "பை நெறைய இருக்கு மதினி."

"பத்தாது. தெருவுல ஒண்ணும் போட வேணாம். சுடுகாட்டுக்குப் போற கரையில வச்சு மொத்தத்தையும் வெடிங்க. மணல்ல ஒரு உள்ளான் குருவி நிக்கக் கூடாது."

"அதுக என்ன பண்ணுச்சு மதினி?"

"உங்க அண்ணன் அதுககிட்டதான கெடந்து செத்தாரு!"

பெட்டிக்குள் ஆவுடையப்பன் யாரையோ சத்தம் போடாதே என்று சொல்லப்போகிறவர் மாதிரிக் கிடந்தார். கரண்டு ஆபீசில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மழை விட்டு மணமேல்குடிக் கரைக்கு உள்ளான் கூட்டம் வந்துவிட்டால் வீட்டில் தங்கமாட்டார். ஈர மணலில் கேமராவோடு குப்புறப் படுத்துவிடுவார். கையளவுப் பறவைகள், அலை இறங்கினால் பின்னாலேயே ஓடி மணலில் அலகைக் குத்தித் தின்னும். அலை ஏறினால் திரும்பி ஓடிவரும். தூரத்தில் யாராவது இருமினால்கூட, "பறந்துரும்யா, அங்கிட்டுப் போ!" என்று கையை ஆட்டுவார்.

"மக கல்யாணத்துல ஒரு போட்டோ எடுங்கன்னேன்," என்றாள் சொர்ணம், பொதுவாக எல்லோரிடமும். "மனுசன் எங்க போயிறப் போறான்னாரு. நேத்து மாத்திரையப் போட்டுட்டுப் போங்கன்னு கத்துறேன், தண்ணி வத்துற நேரம் போயிருமாம். போன் அடிச்சா எடுக்கல. அதையும்ல ஊமையாக்கி வச்சிருக்காரு, பறவைக்குக் காது வலிக்கும்னு!"

யாரோ சிரிக்கப் பார்த்து இருமிக்கொண்டார்கள்.

பந்தல் காலைப் பிடித்தபடி சேக் அலாவுதீன் நின்றிருந்தார். கரைவலைக்காரர். நேற்று ஆவுடையப்பனைத் தூக்கி வந்தவர் அவர்தான்.

"உள்ள வாங்கண்ணே. ஏன் அங்கிட்டே நிக்கிறீங்க?"

"தங்கச்சி, ஒண்ணு சொல்லணும்." அவர் உள்ளே வரவில்லை. "நேத்துக் காலையில போகும்போதே அவரப் பாத்தேன். படுத்திருந்தாரு. நான் சுத்திக்கிட்டுப் போயிட்டேன்."

"ஏன்?"

"கிட்டப் போனா திட்டுவாருல்ல. வலை இழுத்துட்டுத் திரும்பி வாரேன், அப்பவும் அதே கெடை. வெயில் ஏறிப்போச்சு. அண்ணேன்னு ஒரு சத்தம் போட்டேன். பறவையெல்லாம் பறந்துபோச்சு. அவரு திட்டல. அப்பத்தான் எனக்குப் பக்குன்னுச்சு."

சொர்ணம் அவரையே பார்த்தாள். வாய் வரை வந்த வார்த்தை என்னவென்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார்.

"அதுக எங்க நின்னுச்சு?" என்று கேட்டாள்.

"எதுக?"

"உள்ளாந்தான்."

"அவரு கையிக்கிட்ட. கேமராவச் சுத்தி. முழங்கைக்கு அடியில எல்லாம் கொத்திக்கிட்டுத் திரிஞ்சுச்சு தங்கச்சி. அதப் பாத்துத்தான் நான், ஆகா, இன்னைக்கு அண்ணனுக்கு வாய்ச்சிருச்சுன்னு…"

சொர்ணம் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள். "போயி டீ குடிங்கண்ணே" என்றாள் எரிச்சலாக.

பிற்பகலில் பாடை எடுத்தார்கள். கொட்டும் சங்குமாகத் தெருமுக்கு வரை வந்ததும் பெண்கள் நின்றார்கள். அதற்கு மேல் அவர்கள் போகிற வழக்கமில்லை.

"தம்பி, அந்தப் பையக் குடுங்க."

"எந்தப் பை?" வசந்தகுமார் விழித்தான். "வெடியா? வெடியில்லாமக் கொண்டுபோனா ஊரு என்ன பேசும் மதினி?"

"ஊரு என்னைக்கு வாய மூடுச்சு? குடுங்க. கரை வந்ததும் கொட்டடிக்கிறதையும் நிறுத்தச் சொல்லுங்க."

"நீங்கதான காலையில..."

"காலையில அதச் சொன்னேன். இப்ப இதச் சொல்றேன். உங்க அண்ணனுக்கு மேல நீங்க படுத்தாதீங்க!"

பையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள்.

வீட்டு வாசலில் பெண்கள் தலைக்கு ஊற்றத் தண்ணீர்க் குடத்தோடு காத்திருந்தார்கள். "வா சொர்ணம்" என்றார்கள்.

"செத்த நேரம் சும்மா இருங்கடி."

படியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். கொட்டுச் சத்தம் கிழக்கே தேய்ந்துகொண்டே போய் ஓரிடத்தில் நின்றது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. காற்று வந்தது. மடியிலிருந்த பாலித்தீன் பை சரசரக்காதபடி இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.