ஒட்டிலியாவின் ஒரே ட்ரை

1

இதை எழுதச் சொன்னவர் சபீன், எங்கள் ஊர் லுபேனியில் இருக்கும் ரக்பி கிளப்பின் தலைவர். எழுதச் சொன்னார் என்பதைவிட, என்ன எழுத வேண்டும் என்று சொன்னார் என்பதே சரி. 'லுபேனி பெண்கள் அணி செர்பியா சென்று வென்று திரும்பியது.' கிளப் வாசலில் இருக்கும் பலகையில் ஒட்ட ஒரு பத்தி போதும் என்றார்.

நாங்கள் வெல்லவில்லை.

அந்தப் பத்தியை எழுத உட்கார்ந்தபோதுதான் இந்தக் கதை வந்தது. தோற்ற ஆட்டத்தின் கதை. தோல்வியில் ஒரு பாடம் இருக்கிறது, ஆறுதல் இருக்கிறது என்று கடைசியில் நான் கண்ணைத் துடைத்துக்கொள்வேன் என எதிர்பார்ப்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

"பனி விலகாத ஒரு சனிக்கிழமைக் காலையில், மலைகளுக்கு நடுவே ஒரு வேன்…"

[பொய். பனியே இல்லை. மழை. வேனின் கண்ணாடியைத் துடைக்கும் கைகளில் ஒன்று வேலை செய்யவில்லை, அதுவும் ஓட்டுநர் பக்கத்துக் கை.]

இரண்டாவது வரைவு:

"ரக்பி என்பது வெறும் விளையாட்டு அல்ல, அது…"

[அது என்ன? அரை மணி நேரம் யோசித்தேன். விளையாட்டுதான்.]

மூன்றாவது வரைவில் ஸம்ஃபீரா வந்துவிட்டாள். அவள் வந்துவிட்டால் மற்றவை தானாக நகரும். ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்படி வேலை, நாற்பத்தாறு வயது, எங்கள் கேப்டன். இரண்டு அணியும் குனிந்து தோள் முட்டித் தள்ளும் ஸ்க்ரமில் முன்வரிசை. அவள் தோளோடு தோள் முட்டியவர்கள் மறுநாள் சட்டை மாட்டச் சிரமப்படுவார்கள். வேனில் முன் இருக்கையில் உட்கார்ந்து, ஓட்டுநருக்காகக் கண்ணாடி வழியே பாதை பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"இடது பக்கம் லாரி. வலது பக்கம் பள்ளம். நடுவுல போங்கண்ணே, நடுவுல."

பின்னால் பதினாறு பேர் ஹாம் வைத்த ரொட்டி தின்றுகொண்டு, யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டு, அந்தப் பேச்சையே பேசிக்கொண்டு போனோம்.

அந்தப் பேச்சு இதுதான்: தொடங்கிய நாள் முதல், ஆறு வருடங்களாக, நாங்கள் ஒரு ஆட்டமும் ஜெயித்ததில்லை. வியாழக்கிழமை மாலைகளில் மைதானம் எங்களுடையது. அதைக் கால்பந்துக்குக் கொடுத்துவிடலாம் என்று நிர்வாகக் குழு கிளம்பியிருந்தது. இந்தப் பருவம் முடிவதற்குள் ஒரே ஒரு வெற்றி. கிடைத்தால் மைதானம் இருக்கும், கிடைக்காவிட்டால் இல்லை. பருவத்தின் கடைசி ஆட்டம், அணை தாண்டி டான்யூபின் அக்கரையில், செர்பிய ஊரான க்ளாடோவோவில்.

3

இப்போது ஒட்டிலியாவை அறிமுகப்படுத்த வேண்டும். எனக்கு அவள்மீது சந்தேகம்.

[மனுஷியாக அல்ல, பாத்திரமாக. இப்படி ஒருத்தியை நான் கற்பனையில் உண்டாக்கியிருந்தால் 'நம்ப முடியவில்லை' என்று நீங்களே சொல்லியிருப்பீர்கள்.]

தபால் அலுவலகத்தில் வேலை. விங்கில் ஆடுவாள், அதாவது மைதானத்தின் ஓரத்தில். வேகமாக ஓடுபவர்களை அங்கே நிறுத்துவார்கள். எங்கள் அணியில் பந்து அவ்வளவு தூரம் போய்ச் சேராது என்பதால், யாரை வேண்டுமானாலும் அங்கே நிறுத்தலாம். அவளை நிறுத்தினோம். காலுறைக்குள் சூரியகாந்தி விதைகளைப் போட்டுக்கொண்டு வருவாள். ஆட்டம் நடுவில் நடக்கும்போது ஓரத்தில் நின்று கொறிப்பாள். ஆறு வருடங்களில் ஒரு ட்ரைகூட அவள் போட்டதில்லை. எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்துவதுதான் ட்ரை. அதற்கு முதலில் பந்து கைக்கு வர வேண்டும்.

இந்தப் பகுதியைப் போனில் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"விதைய எதுக்குடி க்ரீனா எழுதின?" என்றாள்.

"உண்மைதானே?"

"உண்மைதான். வறுத்த விதைன்னு எழுது. பச்சை விதை திங்கிறவன்னு நெனைச்சுக்கப் போறாங்க."

வறுத்த விதை.

4

க்ளாடோவோ மைதானத்தில் எங்களை வரவேற்றவள் ஜிவ்கா, அவர்களின் கேப்டன். முகம் வாடியிருந்தது. செர்பியக்காரி என்றாலும் வீட்டில் பேசுவது எங்கள் மொழிதான், அவர்கள் பக்கத்துப் பழைய வாசனையோடு.*

"வந்துட்டீங்களாங்க்கா? வாங்க. ஆனா ஒரு சங்கடமாப் போச்சுங்க. எங்க ஆளுக நாலஞ்சு பேரு கல்யாணத்துக்குப் போயிட்டாளுக. மூணு பேருக்குக் காய்ச்சலு. இருக்குறது பதினோரு பேருதானுங்க."

பதினொரு பேரோடு ஆட முடியாது. விதிப்படி ஆட்டம் எங்களுக்கு. நடுவரும் தலையாட்டினார்.

"நான் கையெழுத்துப் போட்டுத் தந்தர்றனுங்க. நீங்க ஜெயிச்சதாவே இருக்கட்டும். மீன் சூப்பு வச்சிருக்கோம், சாப்புட்டுப் போங்க."

எங்கள் பக்கம் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். நானாகவும் இருக்கலாம். ஆறு வருடங்கள் வராதது, காலில் சேறுகூடப் படாமல் கைக்கு வந்துவிட்டது. வியாழக்கிழமைகள் எங்களுக்கு.

ஸம்ஃபீரா எங்களை எண்ணினாள். விரலை நீட்டி, அடுப்புத் தட்டில் ரொட்டியை எண்ணுவது போல.

"நாங்க பதினேழு. மூணு பேர ஒனக்குத் தர்றேன். பதினாலுக்குப் பதினாலு. சரியாப் போச்சா?"

"அக்கா," என்றேன் நான், "மைதானம்?"

"மைதானத்துக்கு என்னடி? மழையில எந்திரிச்சு, பாதி கண்ணாடி தெரியாத வேன்ல உயிரக் கையில புடிச்சுட்டு வந்தது எதுக்கு? கையெழுத்து வாங்கவா? தபாலாபீஸ்ல வாங்கிக்கலாம் அத. ஒட்டிலியா தருவா."

சிரித்தோம். ஆனால் எதிரணிக்குப் போக யாரும் முன்வரவில்லை. ஒட்டிலியாதான் முதலில் நகர்ந்தாள்.

"நான் போறேங்க்கா. இங்க நின்னாலும் எனக்குப் பந்து வரப்போறதில்ல. அங்க நின்னு வராம இருக்கட்டும்."

அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர் போனார்கள். கல்யாணத்துக்குப் போனவளின் சிவப்புச் சட்டையை ஒட்டிலியாவுக்குக் கொடுத்தார்கள். முட்டி வரை தொங்கியது.

* [ஜிவ்காவின் பேச்சை எப்படி எழுதுவது என்று வெகுநேரம் தடுமாறினேன். அவள் பேசும்போது 'நம்ம ஆள்தான், ஆனால் நம்ம ஊர் இல்லை' என்று காதுக்குத் தோன்றும். அந்த ஒலிக்கு என்னால் முடிந்தது இவ்வளவுதான்.]

5

ஆட்டம் நடந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்களுக்கு இரண்டு ட்ரை, பத்துப் புள்ளி. அவர்களுக்கு ஒரு ட்ரையும் அதற்குப் பின் வரும் உதையும் சேர்ந்து ஏழு. கடைசி நிமிடங்கள். வாழ்க்கையில் முதல் முறையாக நாங்கள் முன்னால் இருக்கிறோம். சேறு கண்ணுக்குள் போய், ஸம்ஃபீரா ஸ்க்ரமுக்குள்ளிருந்து "விடாதீங்கடி, விடாதீங்க" என்று முனகிக்கொண்டே தள்ளுகிறாள்.

சிவப்புச் சட்டைக்காரிகளிடம் ஒரு கெட்ட பழக்கத்தை ஆட்டம் முழுவதும் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒட்டிலியாவுக்குப் பந்து கொடுத்தார்கள். அவளைப் பற்றி அவர்களுக்கு எதுவும் தெரியாது. ஓரத்தில் ஒருத்தி நிற்கிறாள், ஆகவே கொடுத்தார்கள். முதல் முறை நழுவ விட்டாள். இரண்டாவது முறையும். 'பரவாயில்ல, பரவாயில்ல' என்று முதுகில் தட்டி மூன்றாவது முறையும் கொடுத்தார்கள்.

நான்காவது முறை பிடித்துக்கொண்டாள்.

அவளுக்கு முன்னால் வெறும் புல். பிறகு நான். எனக்குப் பின்னால் கோடு.

[இங்கே முதல் வரைவில் இருந்தது: "ஒரு கணம் ஒட்டிலியா தயங்கினாள். தன் அணியா, தன் ட்ரையா? அவள் கண்களில்…" போனில் இதைப் படித்ததும் கத்தினாள்: "நான் எங்கடி தயங்கினேன்? ஒரு நொடி கூட யோசிக்கல. பந்து கையில இருக்கு, கோடு அங்க இருக்கு. யோசிக்க என்ன இருக்கு?" தயக்கத்தை எடுத்துவிட்டேன். நல்ல வரி, போனால் போகட்டும்.]

ஓடி வந்தாள். நான் பாய்ந்தேன். முழு பலத்தோடு பாய்ந்தேன், அதை எழுதியே ஆக வேண்டும். விட்டுக்கொடுத்தேன் என்று யாராவது சொன்னால் அவர் பல்லுக்கு நான் பொறுப்பல்ல. உள்ளங்கையை என் நெற்றியில் வைத்து அவள் தள்ளினாள். விழும்போது அவள் காலுறை என் விரலில் சிக்கியது. சூரியகாந்தி விதைகள் கை நிறைய வந்தன. அவள் வரவில்லை.

அப்போது பின்னாலிருந்து ஸம்ஃபீராவின் குரல்: "ஓடுடி ஒட்டிலியா! ஓடு!"

[ஸம்ஃபீரா மறுக்கிறாள். "'புடிடி க்ரீனா'ன்னுதான் கத்தினேன். எதிரி ஓடும்போது 'ஓடு'ன்னு கத்த எனக்கென்ன கிறுக்கா?" இரண்டையும் வைத்திருக்கிறேன். நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கேட்டது எனக்கு.]

ட்ரை. பன்னிரண்டு – பத்து. நடுவர் ஊதிவிட்டார்.

அடுத்து நடந்தது அழகாக இருந்ததா? இல்லை. எங்களில் ஒருத்தி அழுதாள். இன்னொருத்தி ஒட்டிலியாவைப் பார்த்து, வீட்டில் யாரும் படிக்கக் கூடாத ஒரு வார்த்தை சொன்னாள். சிவப்புச் சட்டைக்காரிகள் அவளைத் தூக்கிச் சுற்றினார்கள். மேலே இருந்தபடி அவள் எங்களைப் பார்த்துக் கத்தினாள்:

"ஆறு வருஷமாக் கையிலேயே வெச்சிருந்தீங்கல்லடி பந்த! இப்பப் பாருங்க!"

மீன் சூப் நன்றாக இருந்தது. ப்ளம் சாராயம் அதைவிட.

திரும்பும்போது அணைமேல், எல்லையில், காவலர் வேனுக்குள் தலையை நீட்டினார். "ரக்பியா? ஜெயிச்சீங்களா?"

"நான் ஜெயிச்சேன்," என்றாள் ஒட்டிலியா. "இவளுங்க தோத்துட்டாளுங்க."

அழுதவள்தான் முதலில் சிரித்தாள்.

6

திங்கட்கிழமை சபீன் மருந்துக்கடைக்கு வந்தார், நான் வேலை செய்யும் இடத்துக்கு. கெட்டவர் இல்லை. கெட்டவராக எழுதினால் கதை இலகுவாகிவிடும். எழுத மாட்டேன்.

"ஏம்மா க்ரீனா, அந்தப் பொண்ணு ஆட்டத்துக்கு முன்னாடியே கையெழுத்துப் போடத் தயாரா இருந்தாளாமே? இப்பவும் போடுவா. அப்ப சட்டப்படி நீங்க ஜெயிச்சாச்சு. அதுக்கப்பறம் ஆடினது சும்மா, பயிற்சி ஆட்டம். அப்படி எழுதிக் குடு. வியாழக்கிழமை குழு கூடுறதுக்கு முன்னாடி பலகையில ஒட்டிடறேன். ஒருத்தனும் வாயத் தெறக்க முடியாது."

"அது பயிற்சி ஆட்டம்னா, ஒட்டிலியா போட்ட ட்ரை?"

"பயிற்சில போட்டதா இருக்கும். யாருக்கு என்ன நஷ்டம்?"

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடக் கெட்ட எண்ணத்தில் வந்ததல்ல. அவர் கேட்ட இருமல் மருந்தை மட்டும் கொடுத்து அனுப்பினேன்.

ஸம்ஃபீராவுக்குப் போன் செய்தேன். என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

"க்ளாடோவோல நான் ஒன்னக் கேட்டா முடிவு பண்ணினேன்? இப்பப் பந்து ஒங்கையில. ஓடு, இல்ல ஒதை. என்னப் பாக்காத."

ஒட்டிலியாவிடமும் சொன்னேன். தபால் அலுவலகத்தில் யாரோ முத்திரை குத்தும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"மைதானம் எல்லாருக்கும் வேணும்ல," என்றாள். "என் ட்ரைய எடுத்துக்கோ. பரவாயில்ல."

அவள் தயங்கினாள் என்று நான் எழுதியதற்குச் சண்டைக்கு வந்தவள். இப்போது தயங்காமல் கொடுக்கிறாள்.

அந்தப் 'பரவாயில்ல'தான் என்னை முடிவெடுக்க வைத்தது.

7

முடிவுகள் மூன்று வைத்திருந்தேன்.

(அ) சபீனின் பத்தி. நாங்கள் வென்றோம், மைதானம் எங்களுக்கு, வியாழன்தோறும் பயிற்சி. ஒட்டிலியா ஓரத்தில் நின்று விதை கொறிக்கிறாள். எல்லோருக்கும் மகிழ்ச்சி.

[கிழித்துவிட்டேன்.]

(ஆ) குழுவினர் இந்தக் கதையைப் படித்து, மனம் நெகிழ்ந்து, எழுந்து நின்று…

[எங்கள் குழுவை உங்களுக்குத் தெரியாது.]

(இ) குழு மைதானத்தைப் பிடுங்குகிறது. நாங்கள் தலைகுனிந்து…

[இதை எழுத என் கை வளையவில்லை.]

ஆகவே முடிவு இல்லை. இன்று புதன்கிழமை. ஒரு பத்தி கேட்டவருக்கு இவ்வளவையும் கொடுக்கப்போகிறேன். அவர் ஒட்ட மாட்டேன் என்றால் நானே ஒட்டுவேன், பசை மருந்துக்கடையில் இருக்கிறது. நாளை மாலை குழு கிளப் மாடியில் கூடும். அதே நேரத்தில் நாங்கள் பதினேழு பேரும் கீழே வாசலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நிற்போம். மைதானக் கதவு திறந்திருக்கலாம், பூட்டியிருக்கலாம். அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் ஊரில் எது நடக்குமோ அப்படி. நாங்கள் ஆடவில்லை என்று மட்டும் எழுத வேண்டாம், ஏனென்றால் கதவுக்கு இந்தப் பக்கமும் தரை இருக்கிறது. நாளை முதல் பந்து ஓரத்துக்குத்தான் போகும். அவள் பிடிக்கிறாளா, நழுவ விடுகிறாளா என்பது வேறு விஷயம்.