எண்பத்தெட்டுக் கட்டைக்கும் சந்தனம்

“மாவட்டமாகிப் பத்தே மாதமான அரியலூரின் சரித்திரத்தில் முதன்முறையாக, மேல்நாட்டு இசைமேதை ஒருவரின் இருபது நிமிடப் படைப்பு, அசல் பியானோவில், அசல் மனிதரால் வாசிக்கப்படவிருக்கிறது என்பதைப் பேருவகையுடன் பிரகடனம் செய்கிறோம்.”

பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழ் இப்படித் தொடங்கியது. எழுதியவர் தாளாளர் செல்லதுரை. எதற்கும் முன்னால் ‘அசல்’ சேர்ப்பது அவர் உரக்கடை வைத்திருந்த காலத்துப் பழக்கம்.

அந்த அசல் மனிதர் வெற்றிச்செல்வி. திருச்சி கான்வென்ட் விடுதியில் தங்கிப் படித்தபோது ஒரு கன்னியாஸ்திரீயிடம் பியானோ கற்றவர். மூன்று வருடமாக இங்கே தற்காலிகப் பாட்டு டீச்சர். சனிக்கிழமை விழாவில் நன்றாக வாசித்தால் திங்கட்கிழமை நிரந்தர ஆர்டர், இல்லையென்றால் பாட்டு டீச்சரே தேவையில்லை என்று கமிட்டி முடிவு செய்திருப்பதாகத் தாளாளர் தெரிவித்திருந்தார். கமிட்டி என்பது அவரும் அவர் மைத்துனரும்.

பியானோ ஏற்காட்டு பங்களா ஒன்றின் ஏலத்தில் எடுத்தது. ஜெயங்கொண்டம் போகும் காப்பிக்கொட்டை மூட்டைகளுக்கு நடுவே லாரியில் வந்து இறங்கியது. சுருதி கொஞ்சம் விலகியிருந்தாலும் புதன்கிழமை வரை எல்லாக் கட்டையும் அமுங்கின. வியாழக்கிழமை ஆயுத பூஜை. வெள்ளியும் விடுமுறை.

சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு வெற்றிச்செல்வி மூடியைத் திறந்தார். கறுப்பு, வெள்ளை பேதமில்லாமல் எண்பத்தெட்டுக் கட்டைக்கும் சந்தனம், நடுவில் குங்குமம். பன்னீரில் தாராளமாகக் குழைத்த சந்தனம் இடுக்குகளில் இறங்கி, ஊரில் எதன் மேலும் படியும் சிமெண்ட் தூசியோடு கூடி, இரண்டே நாளில் தளம் போட்டது போல இறுகியிருந்தது. ஒரு கட்டையை அழுத்தினால் ஏழு கட்டை சேர்ந்து இறங்கின. இறங்கியவை ஏறவில்லை.

பூஜை போட்ட அட்டெண்டர் அரியமுத்துவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

“அய்யாதான் கூடவே நின்னாருங்க டீச்சர். ‘ஒண்ணு வுடாம வைடா, வுட்டுப்போனது கோவிச்சுக்கும்’னாரு. கடைசி நாலு கட்டைக்கு அவரே வச்சாரு.”

ஆக, பியானோ கெட்டுப்போச்சு என்று சொன்னால் தாளாளர் கெடுத்தார் என்று சொன்னதாகும். வேலையை நிரந்தரமாக்க அது உகந்த வழியாகப் படவில்லை. வெற்றிச்செல்வி கொண்டை ஊசியை உருவினார்.

“சாமி சந்தனத்தைச் சொரண்டுறீங்களா?” அரியமுத்து பதறினார். பிறகு யோசித்தார். “நான் டீ குடிக்கப் போறேன். இல்லாதப்ப நடக்கறதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?”

விழாவுக்கு ஒரு மணி நேரமே இருந்தது. அதற்குள் பதினைந்து கட்டைகளைத்தான் மீட்க முடியும் என்று கணக்குப் போட்டார். மேல்நாட்டு மேதைக்குப் பதினைந்து போதாது. நடுவில் மூன்று ஸ்தாயியில் ச, ரி, க, ப, த மட்டும் தேர்ந்தெடுத்துச் சுரண்டினார். மோகனத்துக்கு அது போதும்.

மாலையில் இருபது நிமிடம் மோகனம் வாசித்தார். மூன்றாவது நிமிடத்திலிருந்து முன்வரிசைத் தலைகள் ஆடின. மேல்நாட்டு இசைக்குத் தங்கள் தலை ஆடுவதில் பலருக்கு ரகசியப் பெருமை.

சிறப்பு விருந்தினராக வந்த மாவட்ட அதிகாரி மைக்கைப் பிடித்தார். “கவனிச்சீங்களா? அப்படியே நம்ம மோகனம். வெள்ளைக்காரன் எல்லாத்தையும் நம்மகிட்டேருந்துதான் எடுத்துட்டுப் போயிருக்கான்கிறதுக்கு இதை விட ஆதாரம் வேணுமா?”

கைதட்டல் அடங்க நேரமானது. தாளாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு அபூர்வமான பொருளைக் கண்டவர்கள் கை படும்படி வைக்கக் கூடாது என்று அதிகாரி அறிவுரை சொல்ல, கண்ணாடிக் கூண்டு செய்து பூட்டிவைப்பதாகத் தாளாளர் மேடையிலேயே உறுதியளித்தார்.

திங்கட்கிழமை சொன்னபடி ஆர்டர் வந்தது. வெற்றிச்செல்விக்கு ஆறாம் வகுப்பு புவியியல் கொடுத்திருந்தார்கள்.